இன்னாசி வேண்டாம் என்றால்

அந்த ஓரக்கல்லை மட்டும் கடைசியாப் பிடுங்கச் சொல்லுங்க சார். அது பொழிக்கல்லு. அவன் நெலமும் என் நெலமும் அங்கதான் பிரியுது. அதை மொதல்ல ஆட்டினா கம்பி மொத்தமும் தளந்து என் பக்கத்துப் பந்தலும் சேந்து படுத்துரும். படுத்தாத்தான் என்ன, என் பந்தல்ல மட்டும் திராட்சைக் கொலையா தொங்குது, எல்லாம் காஞ்ச குச்சிதான். இருந்தாலும் என் பந்தல் நான் சொல்றப்ப விழணும்ல.

இப்பிடி நெழல்ல வந்து உக்காருங்க. ஆளுக பிடுங்கி லாரியில ஏத்த மத்தியானம் ஆயிரும். டிராகன் பழத்துக்குத்தானே கல்லு? நல்லாத் தாங்கும். பன்னீர் திராட்சையைத் தாங்குன கல்லு சார் இது. காய்ப்புக் காலத்துல இந்தப் பந்தலுக்குக் கீழ குனிஞ்சுதான் நடக்கணும், நிமிந்தா கொலை தலையில இடிக்கும். இப்பப் பாருங்க, வெயில் நேரா தரையில விழுது. அந்தா, லாரிக்குப் பக்கத்துல தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறானே, நீங்க பேரம் பேசின ஆளு, அவன் என் கூடப் பொறந்த தம்பி. இன்னாசி. நான் சூசை, மூத்தவன். உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டான். நாங்க பேசிக்கிறதில்ல.

ஏன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்க, நாகரிகமான ஆளு. நானே சொல்றேன்.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பங்கு வைக்கணும், இளையவன் எடுக்கணும். அப்பத்தான் வைக்கிறவன் நேர்மையா வைப்பான். எங்க அப்பா போன பெறகு நான் பங்கு வச்சேன். கெணத்துப் பக்கம் ஒண்ணு, சரிவுப் பக்கம் ஒண்ணு. கெணத்துப் பக்கம் வெண்ணெ மாதிரி மண்ணு. சரிவுப் பக்கம் வெறும் சரளை. என்னடா இவன் இப்பிடி வச்சிருக்கான்னு பாக்குறீங்களா? வேணும்னுதான் சார் வச்சேன். எடுக்கப் போறது அவன். கெணத்துப் பக்கத்தை அவன் எடுத்துக்கட்டும், சின்னவன் நல்லாயிருக்கட்டும்னு வச்சேன். அதை வாயத் தொறந்து சொல்லணுமா? அண்ணன் மனசு தம்பிக்குத் தெரியாதா?

அவன் என்ன செஞ்சான் தெரியுமா? பங்காளிக அத்தனை பேரும் நிக்கிறாங்க, கோயில் சாமியாரு வந்து உக்காந்திருக்காரு, எல்லாரும் பாக்க விறுவிறுன்னு நடந்து போயி சரளையில நின்னுக்கிட்டான். "எனக்கு இது போதும். அண்ணனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக. எனக்கென்ன, புள்ளையா குட்டியா"ங்கிறான்.

ஊரு என்ன பேசும் சொல்லுங்க. மூத்தவன் முன்னாடியே மெரட்டி வச்சிட்டான், கெணத்தை அமுக்கிக்கிட்டு சரளையைத் தம்பி தலையில கட்டிட்டான்னு பேசும். பேசுச்சு. டீக்கடையில பேசுச்சு, பூசை முடிஞ்சு வெளிய வர்றப்பப் பேசுச்சு. நல்லவன்னு அவன் பேரு வாங்கிக்கிட்டான், எனக்குத் திருடன் பட்டம். அன்னைக்கு நிறுத்துனேன் பேச்சை. எனக்கு ரோசம் இருக்காதா?

நெலத்தைப் பிரிச்சோமே ஒழிய பந்தலைப் பிரிக்க முடியலை. ஒரே கம்பி. அங்கிட்டுக் கொடி இங்கிட்டு வரும், இங்கிட்டுக் கொடி அங்கிட்டுப் போகும். பேச்சு இல்லைன்னாலும் வேலை நடக்கணுமே. அதுக்கு ஒரு வழி வச்சிருந்தோம். அந்தா படுத்திருக்குல்ல செவலை நாயி, அது பேரு சீசரு. அவன் வளத்தது, திங்கிறது எங்க வீட்ல. அவன் எனக்கு ஏதும் சொல்லணும்னா பொழியில வந்து நின்னு, "டேய் சீசரு, நாளைக்குக் கொடியைக் கவாத்து வெட்ட ஆளு வருதுடா"ம்பான். நான் எங்கிட்டோ பாத்துக்கிட்டு, "ஏ மோட்டாரே, நமக்கும் ரெண்டு ஆளு சேத்து வந்தா என்ன, குடியா முழுகிப்போகும்"னு கெணத்து மோட்டாருகிட்டச் சொல்லுவேன். மறுநாள் காலையில ஆளு வந்து நிக்கும். சிரிக்காதீங்க. எத்தனையோ வருசம் அப்பிடி ஓட்டினோம். பேசிக்கிட்டிருந்தா இம்புட்டு ஒத்துமையா இருந்திருப்பமோ என்னமோ.

அவனைப் பத்தி இன்னொண்ணு சொல்லணும். சின்னதுல இருந்தே அவனுக்கு வேணும்னு சொல்ல வராது. எல்லாத்துக்கும் வேண்டாம்தான். இன்னொரு தோசை வைக்கவாடான்னு எங்க ஆத்தா கேட்டா வேண்டாம்பான். வச்சா தின்பான். வைக்கலைன்னா பசியோட எந்திரிச்சுப் போயிருவான். பொங்கலுக்குப் புதுச்சட்டை வேண்டாம்பான், எடுத்துக் குடுத்தா அன்னைக்குப் பூராம் கழட்ட மாட்டான். கல்யாணமே வேண்டாம்னவன் சார் அவன். நான்தான் போயி லூர்தைப் பாத்துப் பேசி முடிச்சேன். இப்ப அவ இல்லாம ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டான். இன்னாசி வேண்டாம்னா அது வேண்டாம் இல்லை, கட்டாயப்படுத்துன்னு அர்த்தம். இது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். என்னை விட யாருக்குத் தெரியும்?

இதை மனசுல வச்சுக்கிட்டு மேல கேளுங்க.

நோவு வந்தது இந்தப் பந்தல்லதான் மொதல்ல. என் பக்கம்தான் ஆரம்பிச்சது. எலை ஓரம் தீயில வாட்டுன மாதிரி கருகும். அப்புறம் எலை விழுந்து காம்பு மட்டும் நிக்கும். அப்புறம் அந்தக் கொடியே தண்ணி இருக்கத் தண்ணி குடிக்க முடியாமச் சாகும். ஒரு தத்துப்பூச்சி பரப்புதுன்னாங்க. தொட்டா தத்தித் தத்திப் போகும், பச்சையா, நெல்லுப் பருமன். அது நோவுக் கொடியில சாறு குடிச்சிட்டு நல்ல கொடியில வந்து வாய வைக்கும், கிருமி எறங்கிரும். நானும் கடையில குடுக்குற மருந்தெல்லாம் அடிச்சுப் பாத்தேன். பூச்சி செத்துச்சு, திரும்பி வந்துச்சு.

அப்பத்தான் ஆராய்ச்சிக்காரப் பொண்ணு வந்துச்சு. ஜெசிந்தான்னு பேரு, தூத்துக்குடிப் பக்கம். மொதல்ல என் வீட்டுக்குத்தான் வந்துச்சு, அதைச் சொல்லணும். அதே பூச்சியை வளத்து அதுக்கு வயித்துல நல்ல கிருமி ஒண்ணை விட்டிருக்கோம், அது கொடியில வாய வச்சா அந்த நல்ல கிருமி உள்ள எறங்கி இடத்தைப் பிடிச்சுக்கிரும், நோவுக் கிருமிக்கு இடமிருக்காதுன்னுச்சு. பாலுக்கு மொதல்லயே நல்ல மோரை உறை ஊத்திட்டா கெட்டுப்போகாமத் தயிராகுதில்ல, அந்த மாதிரின்னுச்சு. என் வீட்டுக்காரி ரெஜினாவுக்குப் பட்டுனு புரிஞ்சிருச்சு. நான் கையக் கட்டிக்கிட்டுக் கேட்டேன். கேட்டுட்டு, "ஏம்மா, திருடனைப் பிடிக்க அவன் அண்ணனையே வீட்டுக்குள்ள விடச் சொல்றியா"ன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சிட்டுப் போயிருச்சு. நேரா அவன்கிட்டப் போயிருக்கு. அவன் சரின்னுட்டான். வேண்டாம்னு சொல்லலை பாருங்க, அதுக்கு மட்டும்.

அவன் பக்கம் பூராம் சுத்தி வலை கட்டினாங்க, உள்ள பூச்சியை விட்டாங்க. மருந்து அடிக்கக் கூடாதுன்னு ஒரு போர்டு. எங்க ஊர்ல சிரிக்காத ஆளில்லை. கொசுவலைக்குள்ள கொடி தூங்குதுன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பதறும். என்னதான் பேச்சில்லைன்னாலும் தம்பி ஏமாறுறானேன்னு இருக்காதா? ஆனா அந்தச் சித்திரையில அவன் கொடியில துளிர் வந்துச்சு சார். ஓரம் கருகாத துளிர். நான் பொழியில நின்னு பாத்தேன். மழையினாலன்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில வந்து பாக்குறேன், என் பக்கத்து வலை மட்டும் சுருட்டி மேல கட்டியிருக்கு. மத்த பக்கமெல்லாம் இழுத்துக் கட்டுன வலை அப்பிடியே இருக்கு, என் பக்கம் மட்டும் தொறந்து கெடக்கு. பூச்சி என் பந்தலுக்குத் தத்திக்கிட்டு வருது. எனக்கு எப்பிடி இருக்கும்? தான் மட்டும் பொழைச்சா போதும், நோவெல்லாம் அண்ணன் பந்தலுக்குப் போகட்டும்னு தொறந்து விட்டுட்டானேன்னு வயிறு எரிஞ்சு போச்சு. அன்னைக்கு அவன் பொழியில வந்து நின்னு சீசருகிட்ட என்னமோ சொன்னான். காதுல நல்லாத்தான் விழுந்துச்சு. "சீசரு, நான் மதுரைக்குப் போறேன்டா. திரும்ப நாளாகும். யாரும் இந்தப் பந்தலுக்கு மருந்து கிருந்து அடிக்க வேண்டாம். வேண்டாம்டா"ன்னான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நான் மோட்டாருகிட்டகூடப் பதில் சொல்லலை. கோவம்.

சாயங்காலம் ரெஜினாதான் வந்து சொன்னா. லூர்துக்கு வயித்துல கட்டியாம், மதுரையில ஆபரேசனாம், பொழைக்கிறது மாதா கையிலதான் இருக்காம். அவன் எங்ககிட்ட ஒத்த வார்த்தை சொல்லாம பஸ் ஏறிட்டான். நாய்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கான் சார். நான் கேட்டுக்கிட்டு நின்னேன்.

இடிஞ்சு போயிட்டேன். என்ன மனுசன்டா நீன்னு என்னையே திட்டிக்கிட்டேன். அவன் அங்க பொண்டாட்டி தலைமாட்டுல உக்காந்திருக்கான், இங்க பந்தல் பூராம் பூச்சி மொய்க்குது, பாக்க நாதியில்லை. நல்ல பூச்சி, கெட்ட பூச்சின்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? ரெண்டும் ஒரே பச்சை, ஒரே தத்தல். போர்டு இருக்கு, ஆமா. அது ஆபீசுக்காரங்க வைக்கிறது, அவங்களுக்கு ஒரு சோதனை. நமக்குப் பந்தலு. ஆனா எனக்குக் காதுல திரும்பத் திரும்பக் கேட்டது அவன் சொன்ன வேண்டாம்தான். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொன்னானே. தோசைக்குச் சொன்ன அதே வேண்டாம். அண்ணன்கிட்டக் கேக்க வாயில்லாம நாய்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டுப் போறான், வச்சாத் தின்பான், வைக்கலைன்னா பசியோட எந்திரிச்சுப் போயிருவான்னு நெனச்சேன்.

காலையில வெயில் ஏறுமுன்ன ஸ்பிரேயரைத் தூக்கிட்டுப் போனேன். இருக்குறதுலயே நல்ல மருந்தா வாங்கி, மொதல்ல அவன் பக்கம் அடிச்சேன். ஒரு எலை விடலை, அடிப்பக்கம் மேல்பக்கம் எல்லாம் நனைய நனைய. கை அசந்து போச்சு, நெஞ்செல்லாம் மருந்து நாத்தம். அதுக்கப்பறம்தான் என் பக்கம் அடிச்சேன். முடிச்சிட்டு அந்தப் பொழிக்கல்லுல சாஞ்சு உக்காந்தேன். எத்தனை வருசத்துக்கப்பறம் தம்பிக்கு ஒரு வேலை செஞ்சிருக்கேன். மனசு அம்புட்டு லேசா இருந்துச்சு. அவன் வந்து பாக்கட்டும், சீசருகிட்ட என்ன சொல்றான் பாப்போம்னு நெனச்சேன்.

மொதல்ல வந்தது அந்தப் பொண்ணு. பந்தலுக்குள்ள போச்சு. எட்டிப் பாத்தா தரையில மண்டி போட்டு உக்காந்து செத்த பூச்சியைப் பொறுக்கி உள்ளங்கையில வச்சுக்கிட்டிருக்கு. கண்ணுல தண்ணி. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, பூச்சிக்கா அழுகுறேன்னு. அது நிமிந்து பாத்துச்சு.

"ஐயா, எதுக்கு உங்க பக்கத்து வலையைச் சுருட்டினோம்னு தெரியுமா உங்களுக்கு? இந்தப் பக்கம் கொடியெல்லாம் தேறிருச்சு, இனி என் அண்ணன் பந்தலுக்குப் போகட்டும் அந்தப் பூச்சி, அவருக்குத்தான் மொதல்ல நோவு வந்துச்சுன்னு உங்க தம்பி கேட்டுக்கிட்டே இருந்தார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால போன் பண்ணி, நான் திரும்பி வருவனோ என்னமோ, இன்னைக்கே தொறந்து விட்டுட்டுப் போறேன்மான்னார். இன்னைக்கு உங்ககிட்ட விவரம் சொல்லணும்னுதான் வந்தேன்"னுச்சு.

நான் சொன்னேன், சரிம்மா, வேற பூச்சி கொண்டு வான்னு. இருந்த பூச்சி இதுதான், திரும்ப வளத்தெடுக்க ஒரு வருசம் ஆகும், அதுக்கு இனி மேல இருந்து அனுமதி தர மாட்டாங்கன்னுச்சு. மருந்து அடிக்காதீங்கன்னு போர்டு இருந்துச்சே, உங்க தம்பியும் வேண்டாம்னு சொல்லலையான்னு கேட்டுச்சு. சொன்னான்மா, அவன் வேண்டாம்னா வேணும்னு அர்த்தம்னேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துச்சு. "வேண்டாம்னா வேண்டாம்தான் ஐயா"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. அதுக்கு எங்க குடும்பத்தைப் பத்தி என்ன தெரியும்?

நல்ல கிருமி எறங்குன கொடி கொஞ்ச நாள் தாக்குப் பிடிச்சுச்சு. ஆனா கவாத்துக்கப்பறம் வந்த புதுக்கொடிக்கு உறை ஊத்த ஆளில்லை. நோவுப் பூச்சி ஆத்துப் பக்கத்துல இருந்து எப்பவும் போல வந்துச்சு. என் பக்கம் மொதல்ல போச்சு, அப்புறம் அவன் பக்கம்.

லூர்து பொழைச்சு வந்தா, மாதா புண்ணியம். அவன் வந்தான். பந்தலுக்குள்ள போயி நின்னு பாத்தான். தரையில செத்துக் கெடந்த பூச்சியைக் காலால தள்ளிப் பாத்தான். நான் மோட்டார்கிட்ட நின்னுக்கிட்டிருக்கேன். திட்டட்டும், கல்லை எடுத்து எறியட்டும், என்ன வேணா சொல்லட்டும்னு நிக்கிறேன். சீசரு வாலை ஆட்டிக்கிட்டு அவன் காலைச் சுத்துது. அவன் அதைத் தடவிக் குடுத்தான். ஒண்ணும் சொல்லலை சார். அதுகிட்டக்கூட ஒண்ணும் சொல்லலை. அன்னையில இருந்து நான் பொழிக்கு வந்தா அவன் போயிருவான். நாயோட பேசுறதும் நின்னு போச்சு. நான் மோட்டாருகிட்டப் பேசிப் பாத்தேன், "ஏ மோட்டாரே, தெரியாம நடந்துருச்சு, தம்பி நல்லாயிருக்கணும்னுதானே செஞ்சோம்"னேன். சத்தமாத்தான் சொன்னேன். அங்கிட்டு இருந்து பதிலே இல்லை. பந்தல் போனதுகூடத் தாங்கிரும் சார். இது தாங்கலை.

இன்னைக்குப் போறான். லூர்துக்குச் சொந்தக்காரங்க குமுளிக்கு மேல ஏலத்தோட்டத்துல இருக்காங்க, அங்க வேலையாம். லூர்து முந்தியே போயிட்டா. இவன் கல்லை ஏத்திவிட்டு அதே லாரியில கம்பம் வரைக்கும் போயி பஸ் ஏறுறான். நாயி எங்களோட இருந்துக்கிரும்.

சார், எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா? ரெஜினா விடியக்காலம் எந்திரிச்சு அவனுக்குப் பிடிச்ச கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கா, கத்திரிக்காய் போட்டு. இந்தா தூக்குச்சட்டியில இருக்கு. இங்கிட்டு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க, மதினி கூப்பிடுதுன்னு சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னும் சொல்லுங்க. அண்ணன் கூப்பிட்டான்னு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

வந்துட்டீங்களா? என்ன சொன்னான்? அதான் நீங்க தலைய ஆட்டுறதுலயே தெரியுதே. வேண்டாம்னுட்டானா.

எப்பிடிச் சொன்னான் சார்? கோவமாவா? மெதுவாவா? உங்க மூஞ்சியைப் பாத்தா சொன்னான்?

நாயைப் பாத்தா சொன்னான்? சீசரைப் பாத்தா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. என்னன்னு சொன்னான்? "வேண்டாம்டா சீசரு, நேரமாச்சு"ன்னா? ஒரு வருசமாச்சு சார், அவன் அதுகிட்ட வாயத் தொறந்து. ஒரு வருசமாச்சு.

இருங்க, நானே தூக்குச்சட்டியைக் கொண்டு போயி லாரியில வச்சிட்டு… இல்லை. இல்லை சார், இருக்கட்டும். போதும் நான் பட்டது. அவன் வாய் தொறந்து வேண்டாம்னு சொல்லிட்டான். அந்தப் பொண்ணு சொன்னது சரிதான், வேண்டாம்னா வேண்டாம்தான். அப்ப அவன் பேச்சைக் கேக்காமத்தான் இம்புட்டும் ஆச்சு. இந்தத் தடவையாவது அவன் சொன்னபடி நான் கேக்கணும். அந்த மரியாதையாவது அவனுக்கு நான் குடுக்க வேண்டாமா?

லாரியை எடுத்துட்டாங்க. பைய ஓட்டச் சொல்லுங்க, சரிவுல பாரம் ஆடும். நீங்க பைக்குல பின்னாடிதானே போறீங்க, அவசரமில்லைன்னா ஒரு வாய் சாப்பிட்டுப் போங்களேன், கொழம்பு வீணாப் போகும்.

பாருங்க, கல்லு மேல உக்காந்துக்கிட்டு இங்கிட்டே திரும்பித் திரும்பிப் பாக்குறான். திருப்பம் வரைக்கும் பாக்குறான். எதையும் விட்டுட்டுப் போறமான்னு பாக்குறான் போல.